ஐம்பத்தேழு கிலோ கூடின வான்

வான் நின்றுவிட்டது. நின்ற பிறகும் ஏதோ ஒன்று பின்னால் இருந்து வந்து வண்டியை இன்னொரு தரம் முன்னுக்குத் தள்ளியது. ஹாங்கர் லேன் சந்தி, சிவப்பு விளக்கு, செவ்வாய்க்கிழமை பின்னேரம். யாரோ இடித்துவிட்டான் என்று பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் நின்ற பஸ் பத்தடி தள்ளித்தான் நின்றது. இடித்தது பஸ் இல்லை, தண்ணி. பாதி காலியான தாங்கிக்குள் மிச்சம் கிடந்த இருநூறு லீட்டர், நான் பிறேக் பிடித்ததை அரைச் செக்கன் பிந்தித்தான் அறிந்து, ஓடிவந்து முன்சுவரில் அடித்திருக்கிறது.

அந்த வானை நான் வாங்கினது மூன்று காரணத்துக்காக. விலை குறைவு, மைல் குறைவு, ஒரு கீறல் இல்லை. மூன்றும் உண்மை. மூன்றுக்கும் என் தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளங்க எட்டு மாதம் பிடித்தது.

நான் வடமேற்கு லண்டனில் யன்னல் துடைக்கிறவன். முதல் இரண்டு வருசம் ஏணி, வாளி, றப்பர் வழிப்பான், மனிசியின் பழைய கார். இப்போது வான். மாதத்தில் ஒருவராவது எனக்குப் போன் எடுத்து, "அண்ணை, நானும் உந்த வேலை தொடங்கப்போறன், என்ன வான் வாங்கலாம்?" என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணித்தியாலம் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இனி இந்தப் பதிவின் இணைப்பை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

யன்னல் துடைக்கிற வேலை தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வாளியும் துணியும் வைத்துச் செய்வதென்றால் வானே தேவையில்லை, ஏணியைக் கூரையில் கட்டினால் எந்தக் காரும் போதும். ஆனால் இங்கே 2005 இல் உயரத்தில் வேலை செய்வது பற்றிய சட்டவிதிகள் வந்தன. உயரத்துக்கு ஏறாமல் ஒரு வேலையைச் செய்ய முடியுமென்றால் ஏறாமலே செய் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு, தரையில் நின்றபடி மேல்மாடி யன்னலைக் கழுவும் முறை நன்றாகப் பரவிவிட்டது. தூண்டில் தடிபோல ஒன்றுக்குள் ஒன்று நீளும் காபன் ஃபைபர் கம்பு, நாங்கள் அதற்கு "போல்" என்போம். அதன் நுனியில் தூரிகை, தூரிகைக்குள் தண்ணி வரும் மெல்லிய குழாய். தேய்த்து, கழுவி, அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். துடைக்கத் தேவையில்லை.

துடைக்காமல் விட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாய்க் காயாதா என்று கேட்பீர்கள். குழாய்த் தண்ணியென்றால் காயும். லண்டன் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. உங்கள் கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். என் குசினிக் குழாயில் மீற்றரை வைத்தால் கரைந்த உப்பு முந்நூறுக்கு மேல் காட்டுகிறது. யன்னலுக்கு அது பூச்சியமாக இருக்கவேண்டும். அதனால் இரவிரவாக வீட்டில் வடிகட்டி, கடைசியில் ரெசின் போத்தலுக்குள்ளாலும் விட்டு, சுத்தமான தண்ணி செய்கிறோம். காலையில் அதை வானில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

ஆக, யன்னல்காரனுடைய வான் ஒரு தண்ணி பவுசர். வெளியே பார்க்க பிளம்பருடைய வானும், பூக்கடைக்காரருடைய வானும், என்னுடையதும் ஒன்றுதான். பூக்கடைக்காரர் ஏற்றுவது காற்று. நான் ஏற்றுவது ஒரு லீட்டருக்கு ஒரு கிலோ, தள்ளுபடி இல்லாமல்.

மூன்று அறை வீடொன்றுக்கு எனக்கு இருபது, இருபத்தைந்து லீட்டர் போகும். முதல் தரம் கழுவுகிற வீடென்றால் இரட்டிப்பு. நாளுக்குப் பதினைந்து வீடு என்று வைத்தால் 400 லீட்டர் தாங்கி வேண்டும். நானும் 400 தான் போட்டேன். வானுக்குள் கச்சிதமாக இருந்தது. இடம் இருந்தால் ஏற்றலாம் என்றுதானே நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம்?

ஹாங்கர் லேனுக்குப் பிறகு பயம் பிடித்துவிட்டது. அடுத்த கிழமை முழுத் தண்ணியோடும், உதவிக்கு வரும் தம்பியோடும், லொறி நிறுக்கும் பொதுத் தராசுக்குப் போனேன். அங்கே நின்றவர் என் வானைப் பார்த்துச் சிரித்தார், குப்பை லொறிகளுக்கு நடுவில் அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. துண்டு வந்தது: 2,060 கிலோ. அந்தத் தராசு 20 கிலோ 20 கிலோவாகத்தான் காட்டும். வானுக்கு அனுமதித்த மொத்த எடை 2,000.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் கணக்குப் போட்டேன். இதை முழுதாகவே தருகிறேன், நீங்கள் போடப்போவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். தண்ணி 400. வெறும் தாங்கி 25. அதைப் பிடிக்கும் இரும்புச் சட்டம் 30. தனிப் பற்றறி 27. பம்மும் கன்ட்ரோலரும் வயர்களும் 10. நூறு மீற்றர் குழாய் சுற்றின உருளை, குழாய்க்குள் நிற்கும் தண்ணியோடு, 25. போல்கள் 15. ஏணி, வாளி, சில்லறைச் சாமான் 25. தரைக்கும் பக்கத்துக்கும் அடித்த பலகை 30. தம்பி 75. கூட்டினால் 662.

அந்த வானில் ஏற்றக்கூடிய பாரம் 605. சாரதியின் எடை வானின் சொந்த எடைக்குள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று வைத்தே இந்தக் கணக்கு. 57 கிலோ கூடிவிட்டது.

மனிசி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "அப்ப தண்ணியைக் குறைக்கப் போறியளோ, தம்பியைக் குறைக்கப் போறியளோ?"

இரண்டு மாதம் தம்பி பஸ்ஸில் வந்தான். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே வந்தான்.

57 கிலோ என்ன பெரிய விசயம் என்று நினைக்கலாம். ரோட்டில் மறித்து நிறுத்தால், கூடின அளவைப் பொறுத்து 100 பவுணில் இருந்து 300 பவுண் வரை தண்டம். அதைக் கட்டிவிடலாம். விபத்து நடந்து, பின்னால் 400 லீட்டர் இருந்தது என்று காப்புறுதிக்காரருக்குத் தெரியவரும்போதுதான் உண்மையான கணக்குத் தொடங்கும். அதோடு பிறேக் தேய்ந்தது, பின் ஸ்பிறிங் ஒன்று வெடித்தது, கிளச் நேரத்துக்கு முன்னமே போனது. நான் வாங்கின விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் கராஜ்காரருக்குப் போய்ச் சேர்ந்தது.

அதனால், பழைய வான் பார்க்கப் போகிறவர்கள் முதலில் திறக்கவேண்டியது பொனற்றை இல்லை, சாரதிக் கதவை. கதவுத் தூணில் அல்லது பொனற்றுக்குக் கீழ் ஒரு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். அதில் கிலோவில் நாலு இலக்கம். முதலாவது வானும் சாமானும் ஆளும் சேர்ந்த மொத்த எடை. இரண்டாவது ட்ரெயிலரும் கொழுவினால் எல்லாம் சேர்த்து. மூன்றாவது முன் அச்சு, நாலாவது பின் அச்சு. முதல் இலக்கத்தில் இருந்து வானின் சொந்த எடையைக் கழியுங்கள், மிச்சம்தான் ஏற்றக்கூடிய பாரம். சொந்த எடை பதிவுப் பத்திரத்தில் அநேகமாக இருக்கும். விளம்பரத்தில் பேலோட் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பவேண்டாம், விற்கிறவர் அதை எங்கிருந்தோ பிரதி பண்ணிப் போட்டிருப்பார்.

ஒரே பெயர், ஒரே உருவம், ஆனால் பாரம் வேறு. இதைத்தான் நான் அறியாமல் இருந்தேன். 2008 இல் இருந்து 2018 வரை வந்த சிற்றோயன் பெர்லிங்கோவை எடுங்கள். குட்டை உடலிலேயே 625 என்று ஒன்று, 850 என்று ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எனக்கு வித்தியாசம் தெரியாது. பெயரில் இருக்கும் அந்த இலக்கம்தான் ஏறக்குறைய ஏற்றக்கூடிய கிலோ. நீளமான உடல் இன்னும் கூடத் தூக்கும் என்று நினைப்பீர்கள், அது 750. நீளத்துக்குப் போன இரும்பும் பாரம்தானே. பிறகு வந்த மாதிரியில் 650 உம் 1000 உம் இருக்கின்றன. இணையத்தில் தேடும்போது பெயரோடு இந்த இலக்கத்தையும் சேர்த்துத் தேடுங்கள். முதலிலேயே பாதி வான்கள் கழிந்துவிடும்.

இன்னொரு தந்திரம். பெர்லிங்கோவும் பேஜோ பார்ட்னரும் ஒரே வான்தான், முகம் மட்டும் வேறு. 2018 இல் இருந்து வாக்ஸோல் கொம்போவும் அதே குடும்பம், பிறகு ரொயோட்டா புரோஏஸ் சிற்றியும் சேர்ந்துகொண்டது. அதற்கு முந்தின கொம்போ ஃபியற் டோப்லோவின் உடன்பிறப்பு. ரெனோ கங்கூவும் மெர்சிடிஸ் சிற்றானும் அப்படியே. ஊரில் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வேறு சீதனம் கேட்பதுபோல, ஒரே வானுக்கு இலச்சினையைப் பொறுத்து ஆயிரம் பவுண் வரை வித்தியாசம் கேட்பார்கள். எது மலிவோ அதைப் பாருங்கள்.

பின் அச்சு விசயம் மொத்த எடையை விட மோசமானது. மொத்த எடைக்குள் நின்றாலும், தாங்கியைப் பின்கதவோடு வைத்தால் பின் அச்சின் அளவு தாண்டிவிடும். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை கட்டி ஒழுங்கையில் மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூட்டை பின்னுக்குச் சரிந்தால் முன்சில்லு தூக்கும், ஹாண்டில் கைக்குள் நிற்காது. தாங்கியை முன்சுவரோடு ஒட்டி, இரண்டு அச்சுக்கும் இடையில் வையுங்கள். குழாய் உருளை பின்கதவுப் பக்கம் இருக்கட்டும், அதுதான் அடிக்கடி இழுக்கவேண்டியது.

தாங்கிக்குள் குறுக்குத் தட்டுகள் உள்ளதாக வாங்குங்கள். முழுத் தாங்கி அமைதியானது, அரைத் தாங்கிதான் அலையடிக்கும். குறைகுடம் தளும்பும் என்று சின்ன வயதில் பாடமாக்கியது எனக்கு நாற்பத்தொரு வயதில் ஹாங்கர் லேனில்தான் நேரே விளங்கியது. தாங்கியை லொறி கட்டும் பெல்ற்றால் கட்டிவிட்டு ஓடுகிற ஆட்களைத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். அது உங்கள் பிடரிக்குப் பின்னால் இருக்கிற அரைத் தொன். அதற்கென்று செய்த சட்டம் போட்டு, தரையைத் துளைத்து, கீழே தகடு கொடுத்து இறுக்கவேண்டும். வாங்கப்போகும் வானில் முன்சுவர் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலதில் வெறும் கம்பி வலைதான் இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு இடைவழியும் உண்டு. தாங்கியே போடாமல், 25 லீட்டர் கான் எட்டு, ஒரு தள்ளுவண்டி, அதில் சின்னப் பம். 200 கிலோவோடு முடிந்தது. சின்ன வானே போதும், விட்டுவிடுவதென்றாலும் நட்டம் குறைவு. நாரி நோகும், அது வேறு கதை.

சரி, பாரம் முடிந்தது. லண்டனுக்குள் ஓடுகிறவர்களுக்கு அடுத்த கேள்வி யூலெஸ், புகை கூடின வண்டிகளிடம் காசு அறவிடும் வலயம். 2023 ஓகஸ்ட் 29 இல் இருந்து அது லண்டனின் எல்லா பறோக்களுக்கும் வந்துவிட்டது. டீசல் வான் புகைத் தரத்தில் யூரோ 6 ஆக இருக்கவேண்டும், பெற்றோல் யூரோ 4 போதும். இல்லாவிட்டால் ஓடுகிற நாளுக்கு 12.50 பவுண். கிழமைக்கு ஐந்து நாள், வருசத்துக்கு 48 கிழமை என்று பெருக்குங்கள்: 3,000 பவுண். லண்டனுக்கு வெளியே மலிவாகக் கிடக்கும் 2013, 2014 டீசல் வான்கள் ஏன் மலிவு என்று இப்போது தெரிகிறதல்லவா. 2016 செப்ரெம்பருக்குப் பிறகு பதிவான சின்ன வான்கள் அநேகமாக யூரோ 6 தான், அதாவது நம்பர் பிளேட்டில் 66 இல் இருந்து. அதற்கு முந்தினதிலும் சில தப்பும். ஊகிக்காமல், லண்டன் போக்குவரத்துத் திணைக்களத்தின் தளத்தில் வண்டி இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். காசு கொடுக்க முதல்.

டீசலா பெற்றோலா என்பதில் எனக்குக் கொஞ்சம் கடும்போக்கு. யன்னல் வேலை எப்படி ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருந்து மூன்று மைல். அங்கே ஒரே தெருவில் நாலு வீடு, வானை இருபதடி இருபதடியாக நகர்த்துகிறோம். பிறகு பக்கத்துத் தெரு. நாள் முழுதும் சேர்த்து இருபது மைல் வராது. டீசல் வானின் புகைக் குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது சூடேறித் தன்னில் பிடித்த கரியைத் தானே எரித்துத் துப்பரவாக்கவேண்டும், அதற்கு நெடுஞ்சாலையில் ஒரு நல்ல ஓட்டம் வேண்டும். எங்கள் ஓட்டத்தில் எஞ்சின் சூடாகும் முன்னமே அடுத்த வீடு வந்துவிடும். வடிகட்டி அடைக்கும், மஞ்சள் விளக்கு எரியும், பிறகு வான் இழுக்காது. என் மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் எம் 40 இல் ஒக்ஸ்ஃபோர்ட் வரை போய் வருவார், வடிகட்டி எரிக்க. போகிற டீசலுக்கு ஒரு பெற்றோல் வானே வாங்கியிருக்கலாம்.

சிலர் அந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு விற்பார்கள். 2014 பெப்ரவரியில் இருந்து, அது இருக்கவேண்டிய வண்டியில் இல்லாவிட்டால் வருடாந்த எம்ஓடி சோதனையில் தவறிவிடும். பார்க்கப் போகும்போது குனிந்து பாருங்கள், புதிதாக ஒட்டுப்போட்ட வெட்டு ஏதும் குழாயில் தெரிகிறதா என்று.

பெற்றோல் என்றால் கேட்கவேண்டியது டைமிங் பெல்ற். அண்மைக்காலச் சின்ன எஞ்சின்கள் சிலவற்றில் இந்தப் பெல்ற் எண்ணெயில் ஊறியபடி ஓடுகிறது. காலத்துக்குக் காலம் எண்ணெய் மாற்றாமல் விட்டால் பெல்ற் உதிர்ந்து, அந்தத் தூள் போய் எண்ணெய் வழியை அடைக்கும். ஆகவே சேர்விஸ் புத்தகம் இல்லாத வானை, அது எவ்வளவு மினுங்கினாலும், விட்டுவிட்டு வாருங்கள்.

மின்சார வான்? எங்கள் ஓட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. பழைய நிசான் ஈ-என்வி200 ஒன்றை நானே ஆசையாகப் பார்த்தேன். எனக்கு ட்ரைவ்வே இல்லை, வான் நிற்பது ரோட்டில், எங்கே செருகுவது? உங்களுக்கு வீட்டோடு சேர்ந்த தரிப்பிடம் இருந்தால் யோசியுங்கள். ஒரேயொரு எச்சரிக்கை: முந்தின கங்கூ இஸட்.ஈ. வான்களில் பற்றறி வாடகைக்கு என்று விற்கப்பட்டவை உண்டு. வானை நீங்கள் வாங்கினாலும் பற்றறிக்கு மாதாமாதம் காசு கட்டவேண்டிவரும். பத்திரத்தைப் பார்த்துத் தெளிவாகக் கேளுங்கள்.

பற்றறி என்றதும் ஞாபகம் வந்தது. தண்ணி பம் ஓடத் தனிப் பற்றறி வைக்கிறோம், வான் ஓடும்போது அது சார்ஜ் ஆகவேண்டும். பழைய வான்களில் சாதாரண ரிலே ஒன்று போதும். யூரோ 6 வான்கள் பலவற்றில் ஒல்ற்றனேற்றர் கெட்டிக்காரத்தனமானது. வானின் சொந்தப் பற்றறி நிறைந்தவுடன் எரிபொருளை மிச்சம் பிடிக்க வோல்ற்றைக் குறைத்துவிடும். எங்கள் பற்றறிக்கு ஒன்றும் வராது. நான் ரிலேதான் போட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு வீட்டின் மூன்றாம் மாடி யன்னலில் போலை நிமிர்த்திப் பிடித்தபடி நிற்க, தூரிகையில் இருந்து தண்ணி சொட்டுச் சொட்டாகி நின்றது. பற்றறியில் இருந்து பற்றறிக்கு ஏற்றும் சார்ஜர் என்று தனியாக விற்கிறது, அதைப் போட்ட பிறகுதான் சரிவந்தது. வானின் விலையோடு இதையும் கூட்டிவையுங்கள்.

இனிப் பார்க்கப் போகும் நாள். விற்கிறவரிடம், "நான் வரும் வரைக்கும் ஸ்ரார்ட் பண்ணவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனவுடன் கதைக்க முதல் பொனற்றில் கையை வையுங்கள். சுடுகிறதா? அப்போ குளிரில் ஸ்ரார்ட் ஆகும் சத்தத்தை அவர் உங்களுக்குக் கேட்கவைக்க விரும்பவில்லை. நான் பார்த்த ஆறு வான்களில் இரண்டு சூடாக நின்றன. ஒருவர், "கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தேன்" என்றார். கையில் பாலைக் காணவில்லை.

போவதற்கு முதல் நாள் இரவு அரசாங்கத் தளத்தில் எம்ஓடி சரித்திரத்தை எடுத்து வாசியுங்கள். இலவசம், வண்டி இலக்கம் மட்டும் போதும். ஒவ்வொரு வருசமும் எத்தனை மைல், எதில் தவறியது, எதை எச்சரித்தார்கள் என்று வரிசையாக இருக்கும். மைல் ஒரு வருசம் ஏறாமல் நின்றால் ஏன் என்று கேளுங்கள். அடிப்பக்கத்தில் துரு என்று மூன்று வருசம் தொடர்ந்து எழுதியிருந்தால், நாலாம் வருசம் அதைக் கட்டப்போவது நீங்கள்தான்.

முந்தி யார் வைத்திருந்தார்கள் என்பதை வானே சொல்லும். பார்சல்காரருடைய வானில் சாரதி சீட்டின் வலப்பக்க விளிம்பு கிழிந்திருக்கும், நாளுக்கு நூறு தரம் ஏறி இறங்கின இடம் அது. பக்கக் கதவின் தண்டவாளமும் தேய்ந்து, கதவு கடைசி அங்குலத்தில் தடக்கும். மைல் குறைவாக இருந்தாலும் நான் அதைத் தொடமாட்டேன். பெரிய கொம்பனி ஒன்றின் வான், பக்கத்தில் பழைய எழுத்து உரித்த தடம், மைல் ஒரு லட்சத்துக்கு மேல், ஆனால் சேர்விஸ் ஒழுங்கு: இது எனக்குப் பிடித்தமானது. நெடுஞ்சாலையில் ஓடின மைல் எஞ்சினைக் கொல்வதில்லை. இன்னொரு யன்னல்காரன் விற்கும் வான் என்றால் பலகையைத் தூக்கித் தரையைப் பாருங்கள். தாங்கி பொருத்தின துளைகளைச் சுற்றித் துருப் பிடித்திருக்கும், பலகைக்குக் கீழே ஈரம் மணக்கும். தாங்கியும் பம்மும் சேர்த்துத் தருகிறேன் என்பார். தாங்கிக்கு ஆசைப்பட்டு வானை வாங்காதீர்கள்.

காசு விசயத்தில் ஒரு பொறி. வான் விளம்பரங்களில் விலைக்குப் பின்னால் சின்னதாக பிளஸ் வாற் என்று போட்டிருக்கும், அதாவது வரி தனி. 6,000 என்று பார்த்துவிட்டுப் போனால் 7,200 கேட்பார்கள். 90,000 பவுணுக்குக் குறைவாக வியாபாரம் செய்து, வாற்றுக்குப் பதியாமல் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 1,200 திரும்பி வராது. மற்றது, வானின் மேல் கட்டாத கடன் இருக்கிறதா என்று சில பவுண் கொடுத்துப் பாருங்கள். கடன் வானோடு வரக்கூடும். தாங்கி போட்டதையும் பக்கத்தில் பெயர் எழுதினதையும் காப்புறுதிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது வைத்திருக்கும் வானை வாங்க எனக்கு ஏழு கிழமை எடுத்தது. 850 வகை, 17 பிளேட், மைல் 96,000, ஒரு கதவில் நல்ல நசுங்கல். மனிசிக்கு அந்த நசுங்கல் பிடிக்கவில்லை. நான் தகட்டைக் கழித்துப் பார்த்தேன், 840 கிலோ. 662 போக 178 மிச்சம். தம்பி பஸ் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்த மிச்சத்தைக் கோயில்காரர் மணந்துபிடித்துவிட்டார்கள். அன்னதானத்துக்கு அரிசி எடுக்கவேண்டும், "தம்பி, உம்மட வானில முப்பது மூட்டை ஏறுமோ?" பத்துக் கிலோ மூட்டை. கதவைத் திறந்து தகட்டைக் காட்டி, தண்ணி இருந்தால் ஏறாது, தண்ணியை விட்டால் ஏறும் என்றேன். ஐயா நாலு இலக்கத்தையும் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "அப்ப தண்ணியை விடும்" என்றார்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தாங்கியைக் காலியாக்குகிறேன். இரவிரவாகச் செய்த தண்ணியை வடிகாலில் விட மனம் வராது. முதல் வாளி வீட்டுக்குள் யன்னலோரம் நிற்கும் மனிசியின் கறிவேப்பிலைக் கன்றுக்கு. அடுத்தது பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு. இப்போது அவர் வெள்ளிக்கிழமைகளில் வேலையால் நேரத்தோடு வந்துவிடுகிறார்.